ஒரு டொலருக்குக் கொடுத்த மருந்து

நமது உடம்புக்குள் செய்திகள் இரண்டு வழிகளில் பயணம் செய்கின்றன. சூடான பாத்திரத்தில் விரல் பட்டதும் கணப்பொழுதில் கையை இழுத்துக்கொள்கிறோம். அது நரம்பு கொண்டுசென்ற செய்தி. மற்றொரு வழி மெதுவானது, ஓசையில்லாதது. கபச்சுரப்பி, தைரொயிட்டுச் சுரப்பி, அதிரீனற் சுரப்பி, சதையி, சூலகம் போன்றவை மிகச் சிறிய அளவில் சில பதார்த்தங்களைச் சுரந்து நேரடியாக இரத்தத்தில் விடுகின்றன. இரத்தம் அவற்றை உடம்பு முழுவதும் சுமந்து செல்கிறது. எந்த உறுப்புக்குச் செய்தி உரியதோ அந்த உறுப்பு மட்டும் அதை இனங்கண்டு வேலையைத் தொடங்குகிறது. நாம் உயரமாக வளர்வதும், பரீட்சை மண்டபத்தில் நெஞ்சு படபடப்பதும், சிறுமி பெண்ணாவதும் இவற்றின் செயலே. 1905ஆம் ஆண்டு ஏர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடற்றொழிலியலாளர் இத்தகைய பதார்த்தங்களுக்கு ஓமோன் என்று பெயரிட்டார். தூண்டிவிடுதல் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் எனக்கு இந்த அலகு மிகவும் பிடித்தது. அதற்குப் பாடத்தை விடவும் பெரிய காரணம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் எப்போதும் ஒரு சிறிய மருந்துக் குப்பி இருக்கும். என் தங்கை அதனால்தான் உயிரோடு இருக்கிறாள். அந்தக் குப்பிக்குள் இருக்கும் இன்சுலின் என்ற ஓமோனை மனிதகுலத்தின் கைக்கு எட்டச் செய்தவர்களுள் முதன்மையானவர் கனடா நாட்டு வைத்தியர் பிரெடரிக் பாண்டிங். அவரது வாழ்க்கையை வாசித்தபோது எனக்கு வியப்பு ஏற்பட்டது. அவரைப் பெரிய மேதையாகக் கண்டதால் அல்ல, பல தடவை தோற்றுப்போன சாதாரண மனிதராகக் கண்டதால்தான்.

அவரது கதைக்குள் போகுமுன் சதையியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இரைப்பைக்குப் பின்னால் கிடையாகக் கிடக்கும் இந்த உறுப்புக்கு இரண்டு வேலைகள். ஒன்று, உணவைச் சமிக்கச் செய்யும் நொதியங்களைத் தயாரித்து ஒரு கானின் வழியாகச் சிறுகுடலுக்கு அனுப்புவது. மற்றையதைச் செய்பவை அதற்குள் தீவுகளைப் போலச் சிதறிக் கிடக்கும் கலக்கூட்டங்கள். 1869இல் போல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜேர்மனிய மாணவர் அவற்றை முதன்முதலில் நுணுக்குக்காட்டியில் கண்டார். அவை எதற்காக இருக்கின்றன என்பது அன்று யாருக்கும் தெரியாது. 1889இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் மின்கொவ்ஸ்கி, வொன் மெரிங் என்னும் இருவர் ஒரு நாயின் சதையியை முழுமையாக அகற்றினார்கள். அந்த நாய்க்குக் கடுமையான நீரிழிவு வந்தது. சதையிக்குள் ஏதோ ஒன்று இரத்தத்தின் சீனியைக் கட்டுப்படுத்துகிறது என்பது அப்போது விளங்கியது.

அந்த ஏதோ ஒன்றுதான் இன்சுலின். நாம் சோறோ ரொட்டியோ சாப்பிட்டதும் அது குளுக்கோசாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. இரத்தத்தில் குளுக்கோசு கூடியதும் சிறுதீவுகளின் பீட்டா கலங்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. தசைக் கலங்களுக்கும் கொழுப்புக் கலங்களுக்கும் அது குளுக்கோசை உள்ளெடுக்கும்படி செய்தி சொல்கிறது. மிகுதியைக் கிளைக்கோசனாகச் சேமித்து வைக்கும்படி ஈரலுக்குச் சொல்கிறது. நோன்பு காலத்தில் இதன் மறுபக்கத்தை நாம் ஒவ்வொருவரும் அனுபவிக்கிறோம். ஸஹர் உணவு சமித்து முடிந்த பின் இன்சுலின் குறைகிறது. அதே சிறுதீவுகளிலுள்ள அல்பா கலங்கள் குளுக்கொகன் என்ற ஓமோனைச் சுரக்கின்றன. ஈரல் தன் சேமிப்பைத் திறந்து குளுக்கோசை வெளியே விடுகிறது. மஃரிப் வரை நமது மூளைக்குக் குளுக்கோசு குறையாமல் கிடைப்பது இந்த ஏற்பாட்டினால்தான்.

இன்சுலின் சுரக்காவிட்டால் என்ன நடக்கும்? இரத்தம் முழுவதும் குளுக்கோசு நிறைந்திருக்கும், கலங்களோ பட்டினி கிடக்கும். வெள்ளத்தின் நடுவே தாகத்தால் தவிப்பவனின் நிலை அது. சீனி சிறுநீரில் வெளியேறும், தாகம் தீராது, எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு மெலியும். சக்திக்காக உடம்பு தன் கொழுப்பையே கரைக்கத் தொடங்கும். அதனால் இரத்தம் அமிலத்தன்மை அடைந்து நோயாளி மயக்கத்தில் ஆழ்ந்து மரணிப்பார். நூறு ஆண்டுகளுக்குச் சற்று முன்பு வரை இந்த நோய் வந்த பிள்ளைகளுக்கு வைத்தியர்களால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான். உணவை மிகக் கடுமையாகக் குறைத்துச் சில மாதங்களை அல்லது ஓரிரு வருடங்களைக் கூட்டிக் கொடுத்தார்கள். பிள்ளை நோயினால் சாகாமல் இருக்கப் பசியோடு வைக்கப்பட்டது. பசியோடு கேட்கும் பிள்ளைக்கு உணவு கொடுக்க முடியாமல் நின்ற தாய்மாரை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

இந்தக் காலத்தில்தான், 1891 நவம்பர் 14ஆம் திகதி, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அலிஸ்டன் என்ற ஊருக்கு அருகே ஒரு பண்ணை வீட்டில் பாண்டிங் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் அவரே கடைக்குட்டி. பெற்றோர் விவசாயிகள். மகன் கிறிஸ்தவ மதபோதகராக வேண்டும் என்பது அவர்களின் விருப்பம். அதற்காக ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் கலைப் பிரிவில் சேர்ந்தார். முதலாம் ஆண்டிலேயே சித்தியடையவில்லை. பின்னர் தன் மனம் வைத்தியத்தையே நாடுகிறது என்பதை உணர்ந்து, 1912இல் மருத்துவக் கல்விக்கு மாறினார்.

முதலாம் உலகமகாயுத்தம் தொடங்கியதும் இராணுவத்தில் சேரப் போனார். கண்பார்வை போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டார். பின்னர் மருத்துவப் படையில் இடம் கிடைத்தது. யுத்தத்திற்கு வைத்தியர்கள் தேவைப்பட்டதால் படிப்பு விரைவாக முடிக்கப்பட்டு 1916இல் பட்டம் வழங்கப்பட்டது. 1918இல் பிரான்சின் கம்ப்ரே போர்முனையில் குண்டுச் சிதறல் பட்டுக் கையில் காயமடைந்தார். அந்தக் காயத்தோடேயே மற்ற வீரர்களுக்குச் சிகிச்சை அளித்தார். அந்தத் துணிவுக்காக இராணுவச் சிலுவை விருது அவருக்கு வழங்கப்பட்டது.

நாடு திரும்பியவர் சத்திரசிகிச்சை வைத்தியராகப் பயிற்சி பெற்றார். 1920 ஜூலையில் ஒன்ராறியோவிலுள்ள லண்டன் என்ற நகரில் சொந்தமாக ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். இங்கிலாந்தின் லண்டன் அல்ல இது. அங்கே நோயாளிகள் வரவில்லை. முதல் மாத வருமானம் வெறும் நான்கு டொலர். செலவைச் சமாளிக்க அந்நகரின் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகப் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1920 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, மாணவர்களுக்கு நடத்த வேண்டிய பாடத்துக்காகச் சதையி பற்றி வாசித்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு மருத்துவச் சஞ்சிகைக் கட்டுரை கண்ணில் பட்டது. சதையியின் கான் கல்லால் அடைபட்டால் நொதியம் சுரக்கும் கலங்கள் அழிகின்றன, சிறுதீவுகள் மட்டும் சிதையாமல் நிற்கின்றன என்று அது கூறியது. நித்திரை வரவில்லை. விடிவதற்கு முன் எழுந்து ஒரு யோசனையைக் குறித்து வைத்தார். நாயின் சதையிக் கானைக் கட்டிவிட வேண்டும், சமிபாட்டுக் கலங்கள் அழியும்வரை காத்திருக்க வேண்டும், எஞ்சிய சிறுதீவுகளிலிருந்து சாற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். இதுவே அந்தக் குறிப்பு. அந்த அவசரத்தில் நீரிழிவுக்கான ஆங்கிலச் சொல்லைக்கூட எழுத்துப் பிழையோடுதான் எழுதியிருந்தார்.

அந்த யோசனையோடு ரொறன்ரோவுக்குப் போய்ப் பேராசிரியர் ஜோன் மக்லியொட்டைச் சந்தித்தார். நீரிழிவு ஆய்வில் பேர்பெற்றவர் அவர். ஆராய்ச்சி அனுபவமே இல்லாத இந்த இளம் வைத்தியரை அவர் சந்தேகத்தோடுதான் பார்த்தார். இவரைவிடக் கற்றவர்கள் பலர் முயன்று தோற்ற விடயம் இது. ஆயினும் ஓர் ஆய்வுகூடத்தையும் பத்து நாய்களையும் ஒரு மாணவ உதவியாளரையும் கொடுக்க உடன்பட்டார். உதவியாளராக வருவதற்கு இரு மாணவர்கள் இருந்தார்கள். நாணயம் சுண்டிப் பார்த்ததில் முதலில் பணியாற்றும் வாய்ப்பு 22 வயதான சார்ள்ஸ் பெஸ்ட்டுக்கு வந்தது.

1921 மே மாதம் வேலை தொடங்கியது. மக்லியொட் விடுமுறைக்கு ஸ்கொட்லாந்துக்குப் போய்விட்டார். கடும் கோடை, புழுக்கமான அறை, பாண்டிங்குக்குச் சம்பளமும் இல்லை. ஆரம்ப வாரங்களில் நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. ஜூலை மாத இறுதியில்தான் முதல் நம்பிக்கை கிடைத்தது. சதையி அகற்றப்பட்ட நாய்க்குத் தாங்கள் எடுத்த சாற்றை ஊசியால் ஏற்றியதும் அதன் இரத்தச் சீனி இறங்கியது. பின்னர் மார்ஜொரி என்று பெயரிடப்பட்ட நாய், சதையியே இல்லாமல், இந்தச் சாற்றின் துணையால் ஏறத்தாழ 70 நாட்கள் வாழ்ந்தது. மனிதருக்காக உயிர் கொடுத்த அந்த வாயில்லா ஜீவன்களையும் இங்கே நினைக்கத்தான் வேண்டும்.

பாண்டிங்கின் அந்த இரவு யோசனை பின்னர் தேவையற்றது என்று தெரிந்தது. கானைக் கட்டிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இறைச்சிக்காக அறுக்கப்படும் மாட்டின் சதையியை மதுசாரத்தில் இட்டாலே இன்சுலினைப் பிரித்தெடுக்கலாம். அவரைத் தொடங்கவைத்த எண்ணம் முழுமையாகச் சரியில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் அவர் தொடங்கியே இருக்கமாட்டார்.

சாற்றில் அசுத்தங்கள் நிறைய இருந்தன. அதைத் தூய்மையாக்க 1921 டிசம்பரில் ஜேம்ஸ் கொலிப் என்ற உயிரிரசாயனவியலாளர் குழுவில் சேர்ந்தார். 1922 ஜனவரி 11ஆம் திகதி ரொறன்ரோ பொது வைத்தியசாலையில் லெனார்ட் தொம்சன் என்ற சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அவனது நிறை 65 இறாத்தல் மட்டுமே, அதாவது 30 கிலோகிராமுக்கும் குறைவு. அந்த ஊசி தோல்வியடைந்தது. சீனி சிறிதளவே குறைந்தது, ஊசி போட்ட இடமும் வீங்கிப் புண்ணாகியது. பெஸ்ட்டும் பாண்டிங்கும் தயாரித்த சாறு அது. கொலிப் இரவு பகலாக உழைத்து அதைத் தூய்மைப்படுத்தினார். ஜனவரி 23இல் மறுபடியும் ஊசி போடப்பட்டது. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 520 மில்லிகிராமாக இருந்த சீனி ஒரே நாளில் 120 ஆக இறங்கியது. சாவின் வாசலில் கிடந்த சிறுவன் எழுந்து உட்கார்ந்தான். அதன் பிறகு மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

பாண்டிங்கைக் குறையே இல்லாத மனிதராகக் காட்டினால் அது உண்மையாகாது. அவர் எளிதில் கோபப்படுபவர். தன் கண்டுபிடிப்பை மக்லியொட் பறித்துக்கொள்வாரோ என்ற சந்தேகம் அவரை வாட்டியது. கொலிப்போடு ஏற்பட்ட வாக்குவாதம் கைகலப்பு வரை போனது. 1923இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பாண்டிங்குக்கும் மக்லியொட்டுக்கும் அறிவிக்கப்பட்டபோது, பெஸ்ட்டின் பெயர் இல்லையே என்று பாண்டிங் கொதித்தார். பரிசையே மறுத்துவிட எண்ணினார். நண்பர்கள் தடுத்தபின் ஏற்றுக்கொண்டு, பரிசுப் பணத்தில் பாதியைப் பெஸ்ட்டுக்குக் கொடுத்தார். மக்லியொட் தன் பங்கில் பாதியைக் கொலிப்புக்குக் கொடுத்தார். சண்டையிட்ட நால்வரும் இறுதியில் பரிசைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அப்போது பாண்டிங்குக்கு வயது 32. மருத்துவத்துக்கான நோபல் பரிசை அவரைவிட இளவயதில் இன்றுவரை யாரும் பெறவில்லை.

ஆனால் என் மனதில் நோபல் பரிசை விட உயர்ந்து நிற்பது வேறொன்று. இன்சுலினின் காப்புரிமையைக் கையில் வைத்திருந்தால் பாண்டிங், பெஸ்ட், கொலிப் மூவரும் பெருஞ்செல்வந்தர்களாகியிருக்கலாம். உயிர் பிழைக்க வழியில்லாத பெற்றோர் எந்த விலையும் கொடுத்திருப்பார்கள். அவர்களோ 1923இல் அந்த உரிமையைத் தலைக்கு ஒரு டொலர் மட்டுமே பெற்றுக்கொண்டு ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். மருந்து ஒரே ஆளின் கையில் சிக்கிவிடக் கூடாது, தரமாகத் தயாரிக்கப்பட்டு எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். முதல் மாதம் நான்கு டொலர் மட்டும் உழைத்த ஒரு வைத்தியரின் செயல் இது. பின்னர் கனடா நாட்டுப் பாராளுமன்றம் அவருக்கு ஆண்டுக்கு 7,500 டொலர் ஓய்வூதியம் வழங்கிக் கௌரவித்தது.

அவரிடம் சிகிச்சை பெற்றவர்களுள் எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமியும் ஒருத்தி. அமெரிக்க இராஜாங்கச் செயலாளரின் மகள். 1922 ஓகஸ்டில் ரொறன்ரோவுக்கு வந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது ஆகவிருந்தது, நிறையோ 45 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 20 கிலோகிராம். இன்சுலின் கிடைத்ததும் மற்றப் பிள்ளைகளைப் போலச் சாப்பிட்டாள், வளர்ந்தாள், படித்தாள், மணமுடித்து மூன்று பிள்ளைகளுக்குத் தாயானாள், 1981 வரை வாழ்ந்தாள். ஆனால் தனக்கு நீரிழிவு உண்டு என்பதை வெளியுலகுக்குத் தெரியாமல் மறைத்தே வாழ்ந்தாள் என்று வாசித்தபோது எனக்கு என் தங்கையின் ஞாபகம் வந்தது.

தங்கைக்கு ஒன்பது வயதில் இந்த நோய் வந்தது. அவளது சொந்த நிர்ப்பீடனத் தொகுதியே பீட்டா கலங்களை அழித்துவிட்டது என்று வைத்தியர் விளக்கினார். வீட்டுக்கு வந்தவர்களில் சிலர், இன்சுலின் ஊசி என்றால் இனிக் கடைசிக் கட்டம் என்று உம்மாவின் காதில் போட்டார்கள். ஒருமுறை தொடங்கினால் விடவே முடியாது, அதைவிடக் கசாயம் கொடுத்துப் பாருங்கள் என்றார் ஒருவர். பெண்பிள்ளை, வெளியில் சொல்ல வேண்டாம் என்றும் அறிவுரை வந்தது. ஊசி மருந்து பன்றியிலிருந்து எடுக்கப்படுகிறதா என்று உம்மும்மா கலங்கினார். வாப்பா ஒவ்வொரு கேள்வியையும் தாளில் எழுதிக்கொண்டு வைத்தியரிடம் போனார்.

வைத்தியர் பொறுமையாகச் சொன்னவற்றை நான் இங்கே பகிர்கிறேன். தொடக்க காலத்தில் இன்சுலின் மாட்டின் சதையியிலிருந்தும் பன்றியின் சதையியிலிருந்தும் எடுக்கப்பட்டது உண்மை. 1978இல் மனித இன்சுலினுக்கான பரம்பரையலகைப் பற்றீரியாவினுள் புகுத்தி, அதைக்கொண்டு மனித இன்சுலினையே தயாரிக்கும் வழி கண்டறியப்பட்டது. 1982இல் அது விற்பனைக்கு வந்தது. தங்கைக்குக் கொடுக்கப்படுவதும் அவ்வாறு தயாரிக்கப்பட்டதே. இன்சுலினை ஏன் குளிசையாக விழுங்க முடியாது என்றும் கேட்டோம். அது ஒரு புரதம், விழுங்கினால் முட்டையையும் மீனையும் போலச் சமித்துப் போய்விடும், அதனால்தான் ஊசி என்றார். எல்லாவற்றையும் விட ஒரு விளக்கம் உம்மாவின் பயத்தைத் தீர்த்தது. என் உடம்பிலும் உம்மாவின் உடம்பிலும் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் இன்சுலின் சுரந்துகொண்டே இருக்கிறது. தங்கையின் உடம்பில் அது சுரக்கவில்லை, நாம் வெளியிலிருந்து கொடுக்கிறோம். உடம்புக்கு உரிய ஒன்றை உடம்புக்குத் திருப்பிக் கொடுப்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அதை நிறுத்துவதுதான் ஆபத்து.

தங்கை இப்போது தானே ஊசி போட்டுக்கொள்கிறாள். வகுப்பாசிரியைக்கும் நெருங்கிய தோழியருக்கும் தெரியும். திடீரென வியர்த்து, கை நடுங்கினால் சீனி குறைந்துவிட்டது என்று புரிந்துகொண்டு உடனே இனிப்புக் கொடுக்கவும் அவர்களுக்குத் தெரியும். மறைத்திருந்தால் இந்த உதவி கிடைத்திருக்காது. பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை அடிக்கடி தண்ணீர் கேட்டு, அடிக்கடி சிறுநீர் கழித்து, நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்து போனால் தாமதிக்காமல் இரத்தத்தைப் பரிசோதியுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் நோன்பு நோற்பதற்கு முன் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுங்கள்.

பாண்டிங் இன்சுலினோடு நின்றுவிடவில்லை. புற்றுநோய் பற்றியும் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோய் பற்றியும் ஆராய்ந்தார். ஓய்வு நேரங்களில் கனடாவின் பனிப் பிரதேசங்களை ஓவியமாக வரைந்தார். 1934இல் அவருக்குச் சேர் பட்டம் கிடைத்தது. இரண்டாம் உலகமகாயுத்த வேளையில் மருத்துவ ஆய்வுப் பணிக்காக இங்கிலாந்துக்குப் புறப்பட்ட அவரது விமானம், 1941 பெப்ரவரியில் நியூபவுண்ட்லாந்தில் விழுந்து நொறுங்கியது. 49 வயதில் அவர் காலமானார். அவர் பிறந்த நவம்பர் 14ஆம் திகதியே இன்று உலக நீரிழிவு தினம்.

அந்த இரவில் அவர் தன் யோசனையை எழுதிய வீடு இப்போது ஒரு நூதனசாலை. அதன் முன்னால் 1989 முதல் ஒரு சுடர் எரிந்துகொண்டிருக்கிறது. நீரிழிவை முற்றாகக் குணப்படுத்தும் வழி கண்டறியப்படும் நாளில்தான் அது அணைக்கப்படும். இன்சுலின் நோயைத் தாங்கிக்கொள்ள உதவுகிறதே தவிர அதைப் போக்கவில்லை என்பதன் அடையாளம் அது. அந்த நாளை நெருங்கச் செய்யும் ஆய்வுகள் உலகெங்கும் நடக்கின்றன. முதலாம் ஆண்டில் தவறிய, முதல் மாதம் நான்கு டொலர் மட்டும் உழைத்த ஒருவரால் இவ்வளவு தூரம் வர முடிந்தது. மீதித் தூரத்தை நடந்து முடிப்பவர்களில் எமது கல்லூரி மாணவி ஒருத்தியும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. இன்ஷா அல்லாஹ், அது நிறைவேறட்டும்.